பெரிய கம்பெனிகளை மட்டும் குறிவைக்கும் ஏபிஎம்: 12 பேர் உள்ள இடத்துக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: 2025 மார்ச் 3

நாங்கள் 12 பேர். ஆலைகளில் எந்த இயந்திரத்துக்கு எப்போது பராமரிப்பு என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் செய்கிறோம். விளம்பரம் போட்டால் மாதம் 200 லீட் (படிவம் நிரப்பி விசாரிப்பவர்கள்) வருகிறது. பாதிப் பேர் மாணவர்கள், கொஞ்சம் போட்டிக் கம்பெனிக்காரர்கள், மீதி ஐந்தாறு இயந்திரம் வைத்திருப்பவர்கள். ஆயிரம் இயந்திரம் வைத்திருப்பவர் ஒருவர்கூடப் படிவம் நிரப்பியதில்லை. போன வாரம் ஒரு வெண்டார் வந்து 'அக்கவுன்ட் பேஸ்டு மார்க்கெட்டிங்' (ஏபிஎம்) செய்வதற்கான மென்பொருள் தளம் ஒன்றைக் காட்டினார். மூன்றே மாதத்தில் பெரிய டீல் வரும் என்கிறார். முதலாளி மயங்கிவிட்டார். இது நிஜமா, இல்லை பெரிய வாடிக்கையாளரைத் தனியாகக் கவனிக்கிற பழைய வழக்கத்துக்குப் புதுப் பெயரா?

பதில்: மார்ச் 3, இரவு

தளத்தை இப்போது வாங்காதீர்கள். மீதியை அதற்கப்புறம் பேசலாம்.

புதுப் பெயரா என்றால், பாதி ஆமாம். பெரிய வாடிக்கையாளருக்குத் தனி ஆள் போட்டுக் கவனிப்பது விற்பனைத் துறையில் என்றைக்கும் இருந்ததுதான். மார்க்கெட்டிங்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் வராமல், எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு என்று இருந்தார்கள். ஐடிஎஸ்எம்ஏ என்ற அமெரிக்க அமைப்பு 2000களின் தொடக்கத்தில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஐடி சேவைக் கம்பெனிகளின் அமைப்பு அது. அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு விரல் விட்டு எண்ணக்கூடிய சில வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. அப்படியிருக்க மார்க்கெட்டிங் மட்டும் ஏன் பத்தாயிரம் பேரைப் பார்த்துப் பேச வேண்டும்? அவ்வளவுதான் யோசனை.

அவர்களே இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரே ஒரு கம்பெனிக்கென்று எல்லாம் தனியாகச் செய்வது ஒன்று. ஒரே மாதிரிச் சிக்கல் உள்ள ஐந்து, பத்து கம்பெனிகளைச் சேர்த்து ஒரு கூட்டமாகப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, மென்பொருளை வைத்து நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அனுப்புவது. வெண்டார்கள் முதல் வகையின் கதையைச் சொல்லி மூன்றாவது வகையின் கருவியை விற்பார்கள். உங்கள் முதலாளி மயங்கியது அங்கேதான் இருக்கும்.

தமிழில் 'கணக்குசார் சந்தைப்படுத்தல்' என்று எழுதிப் பார்த்தேன். ஆடிட்டர் வேலை மாதிரி ஒலிக்கிறது. ஏபிஎம் என்றே வைத்துக்கொள்வோம்.

மார்ச் 4, காலை

ராத்திரி அவசரத்தில் விட்டது: இது எல்லோருக்குமான வேலை இல்லை. உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்கள் சில நூறு பேர்தான் இருக்க வேண்டும். ஒரு டீல் கிடைத்தால் அது ஐந்தாறு மாத உழைப்பைத் தாங்க வேண்டும். வாங்குவதற்கு ஒருவர் போதாமல் பல பேர் தலையாட்ட வேண்டியிருக்க வேண்டும். மூன்றும் உண்டு என்றால் மேலே படியுங்கள். சின்ன டீல், நிறைய வாடிக்கையாளர், ஒரே ஆள் முடிவெடுப்பார் என்றால் விளம்பரத்தைச் சரிசெய்வதே மேல்.

மார்ச் 4, மதியம்

எங்கள் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது கிடங்குகளுக்கான சரக்கு மேலாண்மை மென்பொருள். 2019இல் இதே மாதிரி ஒரு உற்சாகம். விற்பனைத் தலைவர் ஒரு வெள்ளைப் பலகை முன் நின்று, 'நாம் யாரிடம் விற்க ஆசைப்படுகிறோம்?' என்று கேட்டார். கேள்வியே தப்பு, அது அப்போது தெரியவில்லை. ஆளாளுக்குப் பெரிய பெயர்களைச் சொன்னோம். 100 ஆனதும் ஒரு நிறைவு. அந்த 100 பேருக்கு மார்க்கெட்டிங்கில் இரண்டரை ஆள். அரை ஆள் நான்.

100 கம்பெனிக்கும் தனித்தனியாக எழுத நேரம் ஏது? ஒரே கடிதத்தில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி அனுப்பினோம். ஒரு நாள் அந்தப் பெயர் வரும் இடம் வேலை செய்யவில்லை. 'கம்பெனி_பெயர் நிறுவனத்தின் வளர்ச்சியை நாங்கள் நெருக்கமாகக் கவனித்து வருகிறோம்' என்று முப்பது பேருக்குப் போனது. ஒருவர் மட்டும் பதில் போட்டார்: 'நாங்களும் கவனித்தோம்.'

நான்கு மாதத்தில் இரண்டு டெமோ. இரண்டும் ஏற்கெனவே பேச்சில் இருந்தவை.

மார்ச் 5

'அப்படியானால் எத்தனை கம்பெனி அண்ணே?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆசையைக் கேட்டால் 100 சொல்லும், நேரத்தைக் கேளுங்கள்.

ஒரு கம்பெனியைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆண்டறிக்கை, விரிவாக்க அறிவிப்புகள், அப்புறம் அவர்கள் வெளியிடும் வேலைவாய்ப்பு விளம்பரங்கள். கடைசியில் சொன்னதை யாரும் மதிப்பதில்லை. 'இந்த மென்பொருளில் அனுபவம் தேவை' என்று அவர்களே எழுதியிருப்பார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று எந்த டேட்டா வெண்டாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. யார் யார் முடிவில் பங்கெடுப்பார்கள் என்று பெயர் பிடிக்க இன்னொரு நாள். அவர்களுக்கென்று ஏதாவது எழுத இரண்டு நாள். அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று மணி நேரம், மாதக்கணக்கில். வேறு வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் நாலைந்து கம்பெனிக்கு மேல் தாங்க மாட்டார். 2021இல் இரண்டாம் முறை தொடங்கியபோது எங்களிடம் 9 கம்பெனி. வெண்டார் சிரித்தார்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

மேலே 'மூன்று மணி நேரம்' என்று எழுதியதைப் பார்த்து எங்கள் ஆள் ஒருவர் போன் செய்தார். ஐந்தாம். சரி, ஐந்து.

மார்ச் 8

பட்டியல் பற்றிக் கேட்டவர்களுக்கு. என் கணக்கில் ஏபிஎம்மில் முக்கால்வாசி வேலை இதுதான். மீதிக் கால்வாசிக்குத்தான் மென்பொருள் விற்கிறார்கள்.

ஆசைப்படும் பெயர்களில் தொடங்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல வாடிக்கையாளர்கள் ஐந்து பேரை எடுங்கள். நல்லவர் என்றால் பெரிய தொகை கொடுத்தவர் மட்டும் இல்லை. ரெனிவலின்போது சண்டை போடாதவர், சப்போர்ட் ஆட்களைக் கொல்லாதவர். வாங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்களுக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். எங்கள் ஐவரில் நால்வர் அந்தச் சமயத்தில் இரண்டாவது கிடங்கு திறந்திருந்தார்கள். ஒரு கிடங்கை எக்செல் தாளில் ஓட்டிவிடலாம், இரண்டாவது வந்ததும் கழுத்தைப் பிடிக்கும். இதை நாங்கள் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. பழைய வாடிக்கையாளரிடம் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதுவரை 'எத்தனை ஊழியர்கள்' என்பதை வைத்து வடிகட்டிக்கொண்டிருந்தோம்.

விட்டுப்போன வாடிக்கையாளர்களையும் அதே மாதிரி பாருங்கள். யாரைச் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள்.

அடுத்தது நேரம். பொருத்தமான கம்பெனி என்பதால் இன்றைக்கே வாங்கிவிடாது. தூண்டும் ஒன்று வேண்டும்: புதுத் தலைமை, இரண்டு கம்பெனிகள் இணைவது, பழைய மென்பொருளின் ஆயுள் முடிவது. இதில் சில தேதிகள் ஊருக்கே தெரிந்தவை. எஸ்ஏபி கம்பெனியின் பழைய நிறுவன மேலாண்மை மென்பொருளான ஈசிசிக்கான வழக்கமான ஆதரவு 2027 இறுதியோடு முடிகிறது. அதை நம்பி இருக்கும் ஆலைகள் ஏதோ ஒரு பெரிய மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கும். பராமரிப்பு மென்பொருள் அந்தப் பேச்சில் ஒரு துணுக்காகவாவது வரும். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்கவும். மாற்றத்துக்கு முன்பா, பிறகா என்று அவர்கள் முடிவு செய்யும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

பட்டியலில் சேர்ப்பதற்கு முந்தைய மாதம்தான் போட்டிக் கம்பெனியோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்த ஒருவரை ஏழு மாதம் பட்டியலில் வைத்திருந்தோம். ஒரு போனில் தெரிந்திருக்கும். இப்போது பட்டியலில் 'ஒப்பந்தம் முடியும் தேதி' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அது காலியாக இருந்தால் அந்தக் கம்பெனியைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்று அர்த்தம்.

மார்ச் 9

'கொக்கு மாதிரி உறுமீனுக்குக் காத்திருப்பதுதானே' என்று ஒருவர். இல்லை சார். கொக்கு ஒற்றைக்காலில் சும்மா நிற்கும். நாங்கள் சும்மா நின்றதே இல்லை, அதுதான் பிரச்சினை.

மார்ச் 15

யார் வாங்குகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். சிஇபி என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கம்பெனி வாங்கும் முடிவில் சராசரி 5.4 பேர் இருப்பதாகச் சொன்னது. சில ஆண்டுகளில் அதே நிறுவனம் 6.8 என்றது. 2017இல் அதை கார்ட்னர் என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் வாங்கியது. பிறகு சிக்கலான கொள்முதலில் 6 முதல் 10 பேர் என்றார்கள். ஆள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

எண்ணை விடுங்கள். எனக்கு இது உறைத்தது ஒரு தோல்வியில். பெரிய கம்பெனி. கிடங்கு மேலாளர் எங்கள் பக்கம், அவருடைய மேலதிகாரி எங்கள் பக்கம், நிதித்துறை தலையாட்டிவிட்டது. எட்டு மாத வேலை. கடைசி வாரத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு அம்மா 180 கேள்விகள் அடங்கிய படிவம் ஒன்றை அனுப்பினார். அவர் பெயரை நாங்கள் அன்றுதான் முதல்முறை கேள்விப்படுகிறோம். பதில் எழுத மூன்று வாரம் ஆனது. அதற்குள் நிதியாண்டு முடிந்து பட்ஜெட் வேறு பக்கம் போய்விட்டது. அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வேலையை அவர் பார்த்தார், நாங்கள்தான் அவரைத் தேடவில்லை.

அதிலிருந்து பெயர்ப் பட்டியலை வேறு மாதிரி எழுதுகிறோம். யார் தினமும் பயன்படுத்துவார், யார் கையெழுத்துப் போடுவார் என்பதோடு, யார் 'வேண்டாம்' என்றால் எல்லாம் நின்றுவிடும் என்றும் எழுதுகிறோம். 'சரி' என்று சொல்ல அங்கே ஒருவருக்குத்தான் அதிகாரம். 'வேண்டாம்' சொல்ல அரை டஜன் பேர் இருப்பார்கள்.

மார்ச் 16

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. வாங்குபவர்கள் தங்கள் மொத்த நேரத்தில் 17 சதவீதத்தைத்தான் விற்க வருபவர்களைச் சந்திப்பதில் செலவிடுகிறார்கள் என்று கார்ட்னரின் ஒரு கணக்கு. அதுவும் எல்லா வெண்டார்களுக்கும் சேர்த்து. மூன்று பேர் போட்டியில் இருந்தால் உங்களுக்கு ஐந்தோ ஆறோ சதவீதம். மீதி நேரம் அவர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள், நீங்கள் அந்த அறையில் இல்லை.

ஆகவே அந்த அறைக்குள் போகும் தாளைத் தயார் செய்வதுதான் மார்க்கெட்டிங்கின் வேலை என்று எனக்குப் படுகிறது. நாங்கள் 24 பக்க ஆய்வறிக்கைகள் எழுதினோம், அழகான படங்களோடு. யாரும் படிக்கவில்லை, நானே ஒன்றை முழுதாகப் படித்ததில்லை. வேலை செய்தது இரண்டு. ஒன்று, ஒரே பக்கத் தாள். கிடங்கு மேலாளர் தன் நிதித்துறைக்குக் காட்டுவதற்காக, அவர் கம்பெனியின் சொந்த எண்களை வைத்து, எங்கள் லோகோ இல்லாமல். லோகோவை எடுத்தது பெரிய சண்டை. லோகோ இருந்தால் அது விளம்பரம், இல்லாவிட்டால் அது அவருடைய குறிப்பு; அவர் அதைத் தன்னுடையது மாதிரி நீட்டலாம்.

இரண்டாவது, அந்தப் பாதுகாப்புப் படிவத்துக்கான பதில்கள், யாரும் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்தது. மார்க்கெட்டிங் துறை எழுதியதிலேயே மிகச் சலிப்பான ஆவணம். அதிகம் பகிரப்பட்டதும் அதுதான்.

மார்ச் 22

விளம்பரம் எதற்கும் உதவாது என்ற தொனியில் எழுதிவிட்டேன் போல. திருத்திக்கொள்கிறேன். விற்பனை ஆள் போன் செய்யும்போது 'எங்கேயோ கேள்விப்பட்ட பெயர்' என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றினால் முதல் ஒரு நிமிடம் சுலபமாகப் போகிறது. விளம்பரத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஒரு நடைமுறைத் தடையும் உண்டு. லிங்க்ட்இன்னில் குறைந்தது 300 பேராவது சேர்ந்தால்தான் விளம்பரம் ஓடும். 9 கம்பெனி, அதில் குறிப்பிட்ட பதவிகள் என்று நறுக்கிக்கொண்டே போனால் 300 தேறாது. தேறுவதற்காகப் பதவிகளைத் தளர்த்துவீர்கள், அப்புறம் உங்கள் விளம்பரத்தை அந்தக் கம்பெனியின் பயிற்சி ஊழியர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் அதைக் 'கவனம் கிடைத்தது' என்று டேஷ்போர்டில் போடாதீர்கள்.

மார்ச் 23

டேஷ்போர்டு என்றதும் நினைவுக்கு வந்தது. இந்தத் தளங்கள் உங்கள் இணையதளத்துக்கு வருபவரின் ஐபி முகவரியை வைத்து 'இன்ன கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்' என்று சொல்லும். எல்லோரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஓரளவு சரியாக இருந்தது. 2020இல் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதும் பாதிப் பேர் அவரவர் வீட்டு இணைய இணைப்பின் பெயரில் மறைந்துபோனார்கள்.

கதை இதுதான். ஒரு தளத்தை மூன்று மாதம் சோதனைக்கு எடுத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பட்டியலில் நான்காவது கம்பெனி திடீரென்று சிவப்பாகிவிட்டது. விலைப் பக்கம், வாடிக்கையாளர் பக்கம், ஒப்பீட்டுப் பக்கம் என்று ஒரே நாளில் 38 பார்வை. 'தீவிர வாங்கும் ஆர்வம்' என்று அறிவிப்பு. முதலாளி ஓடி வந்தார். உடனே விற்பனை ஆளுக்குப் போன் போட்டோம், 'அந்தக் கம்பெனியை விடாதே' என்று.

'நான் அங்கேதான் இருக்கிறேன்' என்றார். அவர்களுடைய கூட்ட அறையில், அவர்களுடைய விருந்தினர் வைஃபையில், எங்கள் இணையதளத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த 38 பார்வையும் எங்கள் ஆளுடையது.

மார்ச் 24

மின்னஞ்சல் திறப்பு எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். 2021 செப்டம்பருக்குப் பிறகு ஆப்பிளின் மெயில் செயலி, ஆள் பார்க்கிறாரோ இல்லையோ, படங்களைத் தானே இறக்கிவைக்கும்; படம் இறங்குவதைத்தான் 'திறந்தார்' என்று எண்ணுகிறார்கள். பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பு மென்பொருள் உள்ளே வரும் இணைப்புகளைத் தானே சொடுக்கிச் சோதிக்கும். 'ஒரே ஆள் 41 தடவை சொடுக்கினார்' என்றால் அவர் ரோபோ. நாங்கள் ஒரு ரோபோவுக்கு இரண்டு வாரம் அன்பாகக் கடிதம் எழுதினோம்.

ஏப்ரல் 2

விற்பனையும் மார்க்கெட்டிங்கும் எப்படி ஒத்துப்போவது என்று கேட்டீர்கள். ஒத்துப்போகாது. திங்கள்கிழமை அரை மணி நேரம் இரண்டு பக்கமும் ஒரே தாளைப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்று கேள்வி: போன வாரம் யாரிடம் பேசினோம், என்ன தெரிந்தது, இந்த வாரம் யார் என்ன செய்வது. 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதும் பதில்தான். மூன்று வாரம் தொடர்ந்து அதே பதில் என்றால் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு போடுகிறோம்.

கஷ்டம் அளவுகோலில். மார்க்கெட்டிங்குக்கு லீட் எண்ணிக்கையை வைத்துத்தான் பாராட்டும் திட்டும். ஏபிஎம் தொடங்கினால் அந்த எண் சரியும், சரிய வேண்டும். எங்களுக்கு மூன்றாவது மாதம் முதலாளி அழைத்து வரைபடத்தைக் காட்டினார். கோடு சறுக்குமரம் மாதிரி இருந்தது. முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். நீங்களும் எழுதி வாங்குங்கள். லீட்டுக்குப் பதில் எங்கள் தாளில் இருப்பது: குறித்து வைத்தவர்களில் எத்தனை பேரிடம் உண்மையில் பேசினோம், அதில் எத்தனை பேர் அவர்களாகவே திரும்பப் பேசினார்கள்.

ஏப்ரல் 3

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், 'உங்கள் ஏபிஎம் கம்பெனிகளில் வெற்றி விகிதம் எவ்வளவு?' என்கிறார். 9இல் 4. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அபாரம்.

ஏப்ரல் 6

அந்த '9இல் 4' மூன்று நாளாக உறுத்துகிறது. அதை அப்படியே எடுத்துப்போய் உங்கள் முதலாளியிடம் காட்டிவிடாதீர்கள்.

பட்டியலை யார் போட்டார்கள்? விற்பனை ஆட்களும் நாங்களும். அவர்களுக்கு எது கனிந்திருக்கிறது என்று உள்ளூரத் தெரியும். சுமுகமான பேச்சில் இருந்த இரண்டு கம்பெனிகள் அந்த 9இல் இருந்தன. ஏபிஎம் இல்லாவிட்டாலும் அவை வந்திருக்கலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்து டியூஷன் வைத்துவிட்டு, தேர்ச்சி விகிதத்தைப் பார் என்கிற கதை. இணையத்தில் சுற்றும் ஏபிஎம் வெற்றிக் கதைகள் பலவற்றில் இந்த ஓட்டை இருக்கிறது.

நேர்மையாகச் சோதிக்க வேண்டுமானால் தகுதியான 20 கம்பெனிகளை எடுத்து, குலுக்கிப் போட்டு, பத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மற்ற பத்தை வழக்கம்போல விட வேண்டும். எந்த விற்பனைத் தலைவரும் சம்மதிக்க மாட்டார், எங்களவரும் சம்மதிக்கவில்லை. சம்மதித்தாலும் பத்துக்குப் பத்து என்ற எண்ணிக்கையில் எதுவும் நிரூபணமாகாது. எனக்கு இதில் இருப்பது நம்பிக்கை, சான்று இல்லை. எப்படித் தோற்றோம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏப்ரல் 19

அதிகம் தெரிந்துகொள்வதிலும் ஆபத்து உண்டு. ஒரு தலைவர் ஏதோ ஒரு கருத்தரங்கில் பேசிய பழைய காணொளியைப் பார்த்து, அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடு கடிதம் தொடங்கினேன். நன்றாக எடுபட்டது. அந்தத் துணிச்சலில் அடுத்தவருக்கு, அவர் புதிதாக வேறு கிளைக்கு மாறியதைக் குறிப்பிட்டு வாழ்த்தினேன். 'இது வெளியே அறிவிக்கப்படவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று பதில் வந்தது. அவருடைய சக ஊழியர் எங்கள் ஆளிடம் பேச்சுவாக்கில் சொன்னது. அந்தக் கதவு மூடியது மூடியதுதான்.

ஐரோப்பியக் கம்பெனிகளைத் தொடுவதாக இருந்தால் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு, 2018 மே 25 முதல். வேலை மின்னஞ்சலாக இருந்தாலும் பெயரோடு இருந்தால் அது தனிநபர் தகவல்தான். 'எனக்கு விளம்பரம் அனுப்பாதே' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சே இல்லை, நிறுத்த வேண்டும்.

பரிசுப் பெட்டி அனுப்பலாமா என்றும் ஒருவர். ஏபிஎம் ஆலோசகர்களுக்கு அதில் ஒரு மோகம். அமெரிக்காவின் 1977 வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம், பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் என்று பெரிய கம்பெனிகள் பயந்து கிடக்கின்றன; கொள்முதல் ஆட்கள் பேனாகூட வாங்கக் கூடாது என்று உள்விதி வைத்திருப்பார்கள். நாங்கள் அனுப்பிய ஒரு பெட்டி, பிரிக்கப்படாமல், இரண்டு பக்க விளக்கக் கடிதத்தோடு திரும்பி வந்தது. எங்களுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து வந்த மிக நீளமான கடிதம் அதுதான்.

மே 11

ஒரு பேராசிரியர் வாதத்தைக் காட்டி ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார். மார்க்கெட்டிங்கை ஆராயும் ஆஸ்திரேலியாவின் எரன்பெர்க் பாஸ் ஆய்வகத்தின் ஜான் டாஸ் 2021இல் சொன்னது: எந்தச் சமயத்திலும் வாங்கக்கூடியவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர்தான் இப்போது வாங்கும் நிலையில் இருப்பார்கள், மீதி 95 சதவீதம் பேர் பின்னொரு நாளில்தான் வருவார்கள். அப்படியானால் 9 கம்பெனியைப் பிடித்துத் தொங்குவது அந்த 95 பேரின் ஞாபகத்தில் இடம்பிடிக்காமல் போவதில்லையா?

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. 2021இல் நாங்கள் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினோம். கட்டுரை, செய்திமடல், வெபினார், ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு பட்டியலில் புதுப் பெயர்கள் சேர்க்க உட்கார்ந்தபோது, எங்கள் பெயரை யாருக்கும் தெரியவில்லை. முதல் போனிலேயே 'யார் நீங்கள்?' இப்போது மாதம் ஒரு கட்டுரையாவது எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறோம். முதல் குறிப்பில் நான் 'எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு' என்று கேலியாகச் சொன்னதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மே 11, மறுபடியும்

அதோடு இதையும் ஒப்புக்கொள்கிறேன்: எங்கள் மிகப் பெரிய டீல் 9இல் வந்த நான்கில் ஒன்று இல்லை. ஏற்கெனவே ஒரு கிடங்குக்கு வாங்கியிருந்த வாடிக்கையாளர், மற்ற ஆறு கிடங்குகளுக்கும் சேர்த்து வாங்கினார். அவரைப் பட்டியலில் நாங்கள் வைக்கவே இல்லை. 'அவர்தான் நம்ம ஆள் ஆச்சே' என்று விட்டிருந்தோம். அந்த வேலையை எங்கள் சப்போர்ட் பெண் ஒருவர், யாரும் சொல்லாமல், இரண்டாவது கிடங்கின் மேலாளருக்கு அறிக்கைகளைப் பிரதி அனுப்பி அனுப்பியே முடித்திருந்தார். இப்போது பட்டியலில் பாதி இடம் பழைய வாடிக்கையாளர்களுக்கு. திங்கள் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி.

ஜூன் 7

கேள்வி கேட்டவர் தன் பட்டியலைத் தனிச் செய்தியில் அனுப்பியிருந்தார். 34 பெயர். ஒப்பந்தம் முடியும் தேதி எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். மூன்று. 'மற்ற 31க்கும் போன் போடுங்கள், விற்க வேண்டாம், இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்' என்றேன். இரண்டு வாரம் ஆகும் என்றார்.

ஜூன் 28

இரண்டு வாரம் மூன்றாகி, பட்டியல் 8 ஆகியிருக்கிறது. தளம் வாங்கவில்லையாம். முதலாளிக்கு வருத்தம்.

தளத்தைப் பற்றி ஒரு நியாயம்: 8 எட்டாக இருக்கும்வரை ஒரு எக்செல் தாளும் இருக்கிற சிஆர்எம்மும் (வாடிக்கையாளர் விவரம் வைக்கும் மென்பொருள்) போதும். அது 60, 80 என்று போனால் கையால் முடியாது, அப்போது வாங்குங்கள். நான் எதிரி இல்லை. சோதனைக்கு எடுத்தால் உங்கள் ஆட்களின் லேப்டாப்பை மட்டும் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14

என்னுடைய இப்போதைய பட்டியலில் கடைசிப் பெயர், 14 மாதமாக இழுத்தது, போன வாரம் 'இல்லை' என்று முடிந்தது. கிடங்கு மேலாளர் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கவனக்குறைவோ வேண்டுமென்றோ தெரியாது, உள்ளே அவர்கள் பேசிக்கொண்ட சங்கிலி முழுவதும் கீழே இருந்தது. படிக்கலாமா கூடாதா என்று ஐந்து நிமிடம் யோசித்துவிட்டுப் படித்தேன்.

எங்கள் ஒரு பக்கத் தாள், லோகோ இல்லாதது, அதில் ஆறு பேர் கை மாறியிருக்கிறது. நிதித்துறைக்காரர் ஒரு எண்ணை அடித்துத் தன் எண்ணைப் போட்டிருந்தார், அவருடையதுதான் சரி. பாதுகாப்புப் பிரிவு 'ஆட்சேபம் இல்லை' என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. கடைசியில் இருப்பதையே நீட்டிப்பது என்று முடிவு, 2028 ஜூன் வரை.

பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கப்போன விற்பனை ஆளைத் தடுத்தேன். நெடுவரிசையில் தேதியை மாற்றினேன், தாளில் அந்த நிதித்துறைக்காரரின் எண்ணைப் போட்டேன். மேலாளருக்கு நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பினேன், சங்கிலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.